அறுபத்து நான்கு டெசிபல்

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மீட்டர் மட்டும் அறுபத்து நான்கு என்றது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது வீடு. இரைச்சல் புகார் வந்த இடங்களுக்குப் போய் அளந்து எழுதிக்கொடுப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வந்த பிற்பகல் வெயிலில் துணித்தூசி மிதந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனையும் தையல் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து தலையைக் கனக்கச் செய்தன.

"தினமும் மூணு மணிக்குத்தான் ஆரம்பிக்கும், யாரோ பேசுற மாதிரி," என்று சொல்லியிருந்தார் அந்த வீட்டுத் தையல்காரம்மா. "நீங்களே கேளுங்க மேடம். நான் படிக்கட்டுல உக்காந்துக்கறேன். இன்னொரு தரம் அதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல."

இப்போது மணி மூன்று ஐந்து.

அறுபத்து நான்கு என்றால் எதிரே நின்று ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவு. ஜெனரேட்டர் அறைகளிலும் அச்சகங்களிலும் நின்று நின்று அவளுடைய இடது காது இரண்டு வருடத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது. அலுவலகத்துக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகளுக்கு மட்டும் தெரியும். வெளியே போனால் கேட்காமலே அம்மாவின் வலப்பக்கம் வந்துவிடுவாள்.

வலதும் போய்விட்டதா? வலது காதருகே விரலைச் சொடுக்கினாள். தெளிவாகக் கேட்டது.

அப்படியானால் கோளாறு கருவியில்தான். திரையின் மூலையில் பேட்டரி நிறைந்திருந்தது. மைக்கின் மேலிருந்த பஞ்சு உருண்டையைக் கழற்றி, அளவு வரம்பை நூறுக்கு ஏற்றி, மீட்டரைச் சரிபார்க்க ஒரே அளவு ஒலி எழுப்பும் குப்பியைச் செருகினாள். அது எழுப்பிய மெல்லிய கீச்சொலி அவளுக்கும் கேட்டது. தொண்ணூற்று நான்கு. குப்பியின் அளவும் அதுதான், இம்மி பிசகவில்லை. குப்பியை எடுத்து வரம்பைப் பழையபடி எண்பதுக்கு இறக்கியதும் எண் மறுபடி அறுபத்து நான்குக்கு இறங்கி நின்றது.

மனிதக் காதுக்கு ஏற்ப அளக்கும் 'ஏ'-யிலிருந்து, அடிநாதத்தையும் சேர்த்து அளக்கும் 'சி'-க்கு மாற்றினாள். எங்கோ ஓடும் மோட்டாரின் அடிநாத உறுமலாக இருந்தால் எண் எகிற வேண்டும். அசையவில்லை. உறுமல் இல்லை. காதுக்கு நன்றாகக் கேட்கக்கூடிய சத்தம்தான்.

சராசரியாகக் காட்டும் 'ஸ்லோ'-விலிருந்து, ஒவ்வொரு அசைவையும் காட்டும் 'ஃபாஸ்ட்'-டுக்கு அழுத்தினாள். எண்ணுக்குக் கீழே இருந்த பட்டை துள்ளத் தொடங்கியது. ஏறியது, இறங்கியது, நின்றது. மறுபடி இரண்டு சின்னத் துள்ளல். ஒரு நீண்ட துள்ளல். மூச்சு வாங்கும் இடைவெளி.

பேச்சு.

மீட்டரைத் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள். சுவரருகே போனாள். அறுபத்து நான்கு. ஜன்னலருகே. அதே எண். அலமாரிக்குப் பின்னால். அதே.

கூடவே வருகிறது.

கையை நீட்டிப் பிடித்தாள். ஐம்பத்தெட்டு. மார்போடு அணைத்தாள். எழுபது. வலது தோள், அறுபத்தாறு. இடது தோளுக்குக் கொண்டுபோனாள்.

எண்ணின் மேல் 'ஓவர்' என்று மின்னியது. இந்த வரம்பு எண்பதோடு சரி. வரம்புப் பொத்தானை அழுத்தி நூறுக்கு ஏற்றினாள்.

எண்பத்தெட்டு. தொண்ணூறு.

செத்த இடது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் இவ்வளவு வரும். வலது காதுக்கு அதில் ஒரு துளியும் எட்டவில்லை. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"மேடம்!" படிக்கட்டிலிருந்து தையல்காரம்மாவின் குரல் உடைந்து வந்தது. "அது உங்களைத்தான் கேக்குது! ஏன் பேசாம நிக்கறீங்க? ஏதாவது சொல்லிடுங்களேன்!"

"எனக்கு..." இரண்டு வருடமாக மறைத்த களைப்பில் வார்த்தை தானாக வந்தது. "எனக்குக் கேக்கலம்மா. இடது காது சுத்தமா கேக்காது."

பட்டை விழுந்தது.

திரையில் 'அண்டர்' என்று வந்தது. வரம்பைக் கீழே இறக்கினாள். இருபத்தொன்பது. வெறும் அறையின் அமைதி.

"நின்னுடுச்சு மேடம்," என்றார் தையல்காரம்மா, அழுகிற குரலில். "போயிடுச்சா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "போயிடுச்சு போலருக்கு," என்றாள். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். அவ்வளவுதான்.

முப்பது.

இடப்பக்கத்துத் தரைப்பலகை யாரோ கால் வைத்ததுபோல் லேசாக அழுந்தியதை அவள் உள்ளங்கால் உணர்ந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால். பிறகு வலப்பக்கம்.

முப்பத்து நான்கு.

வலது காதோர முடி விலகியது. விரலால் ஒதுக்கியதுபோல. காதுமடலில் ஈரமான மூச்சு பட்டது. அதன் பின், ஒட்டியிருந்த உதடுகள் பிரியும் சின்னச் சத்தம்.

அது அவளுக்குக் கேட்டது.