எட்டு மணி வெந்நீர்

"குத்தவாளி யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். அடுத்த நிமிஷமே வீட்டை விட்டு வெளியே அனுப்பிடறேன்" என்று சர்வேயரிடம் சொன்னார் வந்தவர். செத்துப்போனது ஆள் அல்ல, மெஷின்.

இணையத்தில் பிட்காயின் காசு தோண்டிச் சம்பாதிக்கும் மெஷின் அது. இராப்பகலாக ஓடும்; ஓட ஓட அடுப்பாய்க் கொதிக்கும். அந்தச் சூட்டை வீணாக்குவானேன் என்று அவர் அதைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டு, மாடியில் தன் வீட்டுக்கும் கீழே அண்ணன் வீட்டுக்கும் ஒரே குழாயில் வெந்நீர் வரும்படி செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ அந்தக் குழாயின் வால்வை மூடிவிட்டார்கள். தண்ணீர் நின்றது, மெஷின் கருகியது.

"யார்மேல சந்தேகம்?" என்று கேட்டார் சர்வேயர். தீ விபத்துகளை ஆராய்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து ஓய்வுபெற்றவர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக அவருடைய மைத்துனர். மருந்துக்கடைக்காரர். யாராவது வழக்கு என்று வந்தால் போதும், கடையைக் கூட்டாளி தலையில் கட்டிவிட்டு ஓடிவந்துவிடுவார். ஒரு தடவைகூட அத்தானுக்கு முந்திக் குற்றவாளியைச் சொல்ல முடியவில்லையே என்பது அவருடைய பல வருஷத்து வயிற்றெரிச்சல்.

"எங்க அண்ணன்தான் சார். நான் நல்லா இருக்கறது அவனுக்குப் பொறுக்கல. எட்டு மணிக்கு நான் வெந்நீர்ல குளிச்சேன்; அதுவரைக்கும் வால்வு திறந்துதான் இருந்திருக்கு. எட்டேகாலுக்கு அவன் மாடிப்படியில நின்னதை எதிர்வீட்டுக்காரங்க பாத்திருக்காங்க. எட்டரைக்கு மெஷின் ரூமைத் திறந்தா ஒரே புகை. மெஷின் எப்போ நின்னுதுன்னு குறிக்கிற போர்டும் சேர்ந்தே கருகிடுச்சு. அவனைக் கேட்டேன், பெரிய சண்டையாயிடுச்சு. இன்னிக்கு வீட்டைக் காலி பண்றான். லாரி வந்து நிக்குது."

"அத்தான், இதுல துப்பறிய என்ன இருக்கு?" மருந்துக்கடைக்காரர் நோட்டை மூடினார்.

"லாரி கிளம்பறதுக்குள்ள போயிடுவோம்" என்று சர்வேயர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வாசலில் லாரியில் பீரோ ஏறியாகிவிட்டது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அண்ணன், ஆஸ்பத்திரியில் லிப்ட் மெக்கானிக்.

"வயித்தெரிச்சல் உண்டு சார், பொய் எதுக்கு? நான் ராத்திரி பூரா லிப்ட் குழிக்குள்ள கிடந்து சாகறேன். அவன் தூங்கறான், மெஷின் சம்பாதிக்குது. அவன் தயவுல வர்ற வெந்நீரை மேல ஊத்திக்கும்போதெல்லாம் பத்திக்கிட்டு வரும். ஆனா அந்த வால்வை நான் தொடலை."

"அப்புறம் ஏன் படியேறினீங்க?"

"டூட்டி முடிஞ்சு ஏழரைக்கு வந்தேன். வெந்நீர் வரலைன்னு இவ சொன்னா. என்னன்னு கேக்கலாம்னு ஏறினேன். தம்பிகிட்டப் போய் வெந்நீருக்குக் கையேந்தணுமான்னு பாதிப் படியிலயே இறங்கிட்டேன்."

"ஆறு மணிக்கே குழாய்ல காத்துதான்" என்றார் அண்ணி, பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே. "நான் பச்சைத்தண்ணியில நடுங்கினேன். மேல மட்டும் ராஜ குளியல்!"

"அத்தான், அண்ணிதான்! பேச்சைப் பாருங்க, எவ்வளவு காரம்" என்று மருந்துக்கடைக்காரர் காதைக் கடித்தார். சர்வேயர் தம்பியையும் அவரையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார்.

மெஷின் அறையில் இன்னும் கருகல் வாடை.

"சூடு ஏறினா தானா நிக்கிற சுவிட்ச் இருக்குமே?"

"இருந்தது சார். வாங்கின புதுசுல, தண்ணி நின்னா மெஷினும் நின்னுடும், பயமே இல்லைன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். ஆனா அது சும்மா சும்மா நிறுத்திட்டே இருந்தது. போன மாசம் அண்ணனைக் கூப்பிட்டுக் கழட்டிட்டேன். இனிமே தண்ணி நின்னா எரிஞ்சிடும்டான்னு அப்பவே சொன்னான்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் சொல்லலை. வீட்ல பயப்படுவாங்க."

குளியலறையில் இரண்டு பக்கெட்டுகள். ஒன்றின்மேல் மூடி, மூடிமேல் மடித்த கனத்த துண்டு. சர்வேயர் துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்குக் குளிச்ச வெந்நீரை நீங்களா குழாயில பிடிச்சீங்க?"

"இல்ல சார், பக்கெட்ல ரெடியா, இதே மாதிரி மூடித் துண்டு போட்டு இருந்தது."

"தினமும் பிடிச்சு வைப்பாங்களா?"

"எதுக்கு? திறந்தா கொட்டுதே. அன்னிக்கு எங்க கல்யாண நாள். அதனால என் சம்சாரம் எடுத்து வெச்சிருப்பான்னு..." அவர் திரும்பி அந்த மூடியைப் பார்த்தார்.

சர்வேயர் எல்லாரையும் மெஷின் அறைக்குக் கூப்பிட்டார். தம்பியின் மனைவி கதவோரம் நின்றாள்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். கீழே ஆறு மணிக்கே காத்து வந்திருக்கு. அப்படின்னா வால்வை மூடினது ஆறுக்கு முன்னாடி. எட்டு மணி வெந்நீரை நம்பித்தான் நாம ஏமாந்தோம். ஆறு மணிக்கு இவரோட அண்ணன் ஆஸ்பத்திரி டூட்டியில இருந்தார். குழாய் திறந்தா வெந்நீர் கொட்டற வீட்ல, பக்கெட்ல பிடிச்சு, மூடி, துண்டு போட்டு யார் வைப்பாங்க? இன்னிக்கு வெந்நீர் வராதுன்னு முன்னாடியே தெரிஞ்சவங்கதான்."

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கெட்டை அவரும்தானே பார்த்தார்!

"ஆனா அவங்க மெஷினைக் கொல்ல நினைக்கலை" என்றார் சர்வேயர். "தண்ணி நின்னா மெஷின் நின்னுடும்னு நீங்க சொன்ன பழைய பேச்சை நம்பியிருக்காங்க. சுவிட்சைக் கழட்டினது தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டாங்க. கெடுதல் நினைக்கிறவங்க உங்களுக்குக் குளிக்க வெந்நீர் எடுத்து வைப்பாங்களா?"

"நான்தான் மூடினேன்" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை, ரிப்பேர் கடை எதுவும் திறக்காது. அது ஒரு நாள் நின்னா, அந்த ஒரு நாளாவது என் பக்கம் திரும்புவீங்கன்னு நெனச்சேன். எரிஞ்சு போகும்னு சத்தியமா தெரியாது. உங்க அண்ணன்மேல பழி விழுந்தப்போ வாயைத் திறக்க பயந்துட்டேன். அதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு."

"ஒரு மெஷின்மேலயா பொறாமை?" என்று கேட்டார் கணவர்.

"ஆமா, பொறாமைதான்! அதுக்கு ரெண்டு டிகிரி ஏறிடுச்சோன்னு நடுராத்திரியில எழுந்து போய்த் தொட்டுப் பாக்கறீங்க. போன மாசம் எனக்கு நாலு நாள் காய்ச்சல். நெத்தியில ஒரு தடவை கை வெச்சுப் பாத்தீங்களா?"

அண்ணி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"குத்தவாளியை அடுத்த நிமிஷமே வெளியே அனுப்பிடறேன்னு சொன்னீங்களே?" என்று சர்வேயர் மெதுவாகக் கேட்டார்.

தம்பி தன் மனைவியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். குனிந்து மெஷினின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அண்ணே, அந்தப் பக்கம் பிடி. என்னால ஒண்டியா முடியாது."

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"இருங்க, முதல்ல என் பீரோவை இறக்குங்க!" என்று அண்ணி கத்தினார்.

சற்று நேரத்தில் லாரி கிளம்பியது, மெஷினை மட்டும் ஏற்றிக்கொண்டு.