துரோகியின் துப்பாக்கி

டைரக்டர் உள்ளே வந்ததும் வராததுமாக, "மேடம், படத்துக்குத் துப்பாக்கி, கத்தியெல்லாம் கொடுக்கிற எங்க ஆயுதக்காரரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாளைக்குக் கோர்ட்டு. லைசென்ஸ் போச்சுன்னா அவர் பிழைப்பே போச்சு" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டவர் அதில் உட்கார மறந்துவிட்டார்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். அவளிடம் ஃபைல் தூக்கும் வேலையில் இருந்த கொழுந்தனுக்கோ தலைகால் புரியவில்லை. அவன் சினிமாப் பைத்தியம். நிஜ டைரக்டரை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டைரக்டர் எடுத்துக்கொண்டிருந்தது பழைய போர்க்காலப் படம். ராணுவ அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே எதிரிக்கு ரகசியம் விற்ற ஓர் எழுத்தர், கடைசியில் தளபதியையே சுட்டு, குறி தப்பி, தூக்குமேடை ஏறிய கதை. அந்த ஆளின் நிஜத் துப்பாக்கியையே பழம்பொருள் சேகரிக்கும் ஒருவரிடம் இரவல் வாங்கியிருந்தார்கள். நேற்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அது செட்டில் இருந்த மேஜை டிராயரிலிருந்து காணாமல் போய்விட்டது.

"அதை ஆயுதக்காரர் கையோட கொண்டு போயிருக்கணும். அடுத்த ஷாட்டுக்கும் வேணுமேன்னு டிராயர்லயே விட்டுட்டார். அவர்தான் வித்துட்டார்னு போலீஸ் சொல்லுது."

"சாவி?"

"செட் ரூம் சாவி வெளியில ஆணியில தொங்கும். அது தெரிஞ்சவங்க நான், ஆயுதக்காரர், ஹீரோ, கன்டினியூட்டி பார்க்கிற அக்கா. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல எந்தப் பொருளும் இடம் மாறாம பார்த்துக்கிறது அவங்க வேலை. நடுவுல உள்ளயே போகலைன்னு மூணு பேரும் சத்தியம் பண்றாங்க."

"கடைசியா பூட்டினது யாரு?"

"நான்தான். எல்லாரும் போனப்புறம் மேஜை விளக்கை ஜன்னல் பக்கமா நகர்த்தி வச்சு, வெளிச்சம் எப்படி விழுதுன்னு பார்த்தேன். அப்படியே பூட்டிட்டு வந்துட்டேன். திரும்பி வந்து நானேதான் திறந்தேன். விளக்கு பழைய இடத்துலயே இருந்துச்சு. எனக்கு மறதி ஜாஸ்தி மேடம், நகர்த்தினதா நினைச்சுக்கிட்டேன் போல."

வக்கீலம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

காரில் கொழுந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஹீரோதான் அண்ணி! மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே!"

"போன படத்துல அவர் ஆடின ஆட்டம் உனக்குப் பிடிக்கல, அதானே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செட் ஒரு சின்ன அறை: இரும்புக் கட்டில், மேஜை, விளக்கு, பாதி குடித்த தண்ணீர் டம்ளர். ஹீரோ சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டார். கன்டினியூட்டி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், தூங்காத கண்கள். வக்கீலம்மா எல்லோரிடமும் ஏதேதோ பேசிக்கொண்டே டம்ளரை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினாள். பேச்சு வானிலைக்குப் போய், சாப்பாட்டுக்கு வந்தது. ஹீரோவும் டைரக்டரும் எதையும் கவனிக்கவில்லை. பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் கை மட்டும் தானாக நீண்டு, டம்ளரைப் பழைய இடத்தில் வைத்தது.

"சார், உங்களுக்கு மறதியெல்லாம் இல்ல" என்றாள் வக்கீலம்மா. "விளக்கை நீங்க நகர்த்தினது நிஜம். நடுவுல வந்தவங்க அதைத் திருப்பி வச்சிருக்காங்க. திருட வந்த இடத்துல விளக்கை யார் சரி பண்ணுவாங்க? ஹீரோவுக்கு அது எங்க இருந்துச்சுன்னே தெரியாது. ஆயுதக்காரர் கண்ணு டிராயரைத் தாண்டாது. இடம் மாறின பொருளைப் பார்த்தா கை சும்மா இருக்காத ஆள் இங்க ஒருத்தர்தான்."

அக்கா தன் கையையே பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது எங்கப்பாவோட துப்பாக்கி" என்றாள். "அவர் ரகசியம் வித்தார். அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா சுடல. 'தளபதியோட முகத்தைப் பார்த்ததும் கை வரல, மேஜை மேல வச்சுட்டேன்'னு தூக்குக்கு முன்னாடி அம்மாகிட்ட சொன்னார். யாரும் நம்பல. படத்துல அவரைச் சுட வச்சுக்கோங்க. அந்தத் துப்பாக்கியாலயே சுட வைக்கறதைத்தான் என்னால பார்க்க முடியல. என் வீட்டு அலமாரியில இருக்கு."

"அக்கா, உங்களால ஒருத்தர் உள்ள இருக்கார்" என்றார் டைரக்டர். குரலில் கோபம் ஏறவே இல்லை.

"தெரியும். ராத்திரியெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தேன். போய்ச் சொல்லிடணும்னு கிளம்புவேன், மறுபடி உட்கார்ந்துடுவேன். பதினஞ்சு வருஷமா ஒண்ணா வேலை பார்க்கிற மனுஷன். அப்பாவைத் துரோகின்னு ஊரே சொன்னப்ப எனக்கு அப்படி ஆத்திரம் வரும். இப்ப நான் பண்ணினதுக்கு என்ன பேரு?"

கொட்டாவி விட்ட ஹீரோ தலையைக் குனிந்துகொண்டார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால் துள்ளிக் குதிக்கலாம் என்று வந்த கொழுந்தனுக்கு, ஏன்தான் வந்தோமோ என்றிருந்தது.

அக்காவின் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வக்கீலம்மா இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை எடுத்துச் சொன்னாள். கையெழுத்தெல்லாம் முடிந்து ஆயுதக்காரரை வெளியே அனுப்பினார்கள். அவர் முகம் ஒரே நாளில் ஒட்டிப்போயிருந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் நாற்காலியில் இருந்த அக்காவையும், மேஜை மேலிருந்த துப்பாக்கியையும் அவர் மாறி மாறிப் பார்க்க, அது அக்காவின் அப்பாவுடையது என்று வக்கீலம்மா சொன்னாள். வாசல் வரை போனவர் நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "அந்த ஷாட்டுக்கு வேற துப்பாக்கி வச்சிருப்பேனே. பெட்டியில அதே மாதிரி ரெண்டு கிடக்கு."

அக்கா எழுந்தாள். அதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார்.