கல்யாண வீடியோவில் எடுத்த நடை

கோவையில் கடைசி மோட்டார் வண்டியும் நின்றுபோன பிறகு, ஊரில் சகலத்துக்கும் கால் முளைத்தது. பால்கேன் நான்கு காலில் வந்தது. தண்ணீர்த் தொட்டி எட்டுக் காலில் சந்துக்குள் நுழைந்து கதவை முட்டியது. காந்திபுரத்தில் ஒரு பேக்கரியே அறுபது காலோடு கூட்டத்தைத் தேடித் தேடிப் போய் நின்றது. கண்ணாடி டம்ளரில் ஒரு சொட்டு டீ சிந்தவில்லை என்று சத்தியம் செய்யப் பாதி ஊர் தயாராக இருந்தது.

இவற்றுக்கு நடைவிகள் என்று பெயர். மோட்டார் கிடையாது, மூளை கிடையாது. காலையில் சுருள்வில்லுக்குச் சாவி கொடுத்தால், பல்சக்கரங்களும் இணைதண்டுகளும் பொழுது சாயும்வரை நடக்கும். மண்டை காய்கிற வேலையை எல்லாம் அடிவரைவி என்ற மென்பொருள் பார்த்துக்கொண்டது. நடக்கிற எதையாவது படம் பிடித்துக் கொடுத்தால் போதும். எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல், எந்தத் தண்டு என்ன நீளம் என்று அந்த நடையை இரும்பில் இறக்கிவிடும். எருமையைக் காட்டினால் எருமை. மாமனாரைக் காட்டினால் மாமனார்.

ஆறுச்சாமி காட்டியது தன் மனைவி துளசிமணியை. முதுகுத் தண்டில் அடிபட்டு அவள் படுத்து இரண்டு வருடமாகிறது. தினமும் மாலையில் குளக்கரையில் இருவரும் சேர்ந்து நடப்பது வழக்கம். அது திரும்ப வேண்டும், அவருக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் அவள் நடக்கிற படம் ஒன்றுதான் கிடைத்தது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வரவேற்பில், இருவரும் ஜோடியாக மண்டபத்துக்குள் நுழைகிற வீடியோ. மற்றதில் எல்லாம் வீடியோக்காரர் அவளை இடுப்போடு வெட்டியிருந்தார்.

“பட்டுப் பொடவைல காலே தெரியலையே, ரெஜினா?”

“கொசுவம் ஆடுறத வெச்சே அது முட்டியக் கண்டுபுடிச்சுரும்ணா,” என்றாள் கணபதிப் பகுதியில் நடைவிப் பட்டறை வைத்திருந்த ரெஜினா.

கண்டுபிடித்துவிட்டது. நாற்காலிக்குக் கீழே இரண்டு இரும்புக் கால்கள். இடது குதிகாலை லேசாக இழுத்து வைக்கிற அதே நடை. துளசிமணியை உட்கார வைத்து, பக்கத்தில் ஆறுச்சாமி நடந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. கொஞ்ச தூரம் போனதும் நடைவி தானாக இடப்பக்கம் திரும்பியது. வேகமெடுத்தது. தையல்கடைச் சுவரை முட்டாத குறையாகப் போய் நின்றது.

மறுநாள் நேராகப் போகட்டும் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, கை வலிக்க வலிக்கத் திருப்பினார்கள். அதே இடத்தில் திரும்பி, அதே சுவரில் நின்றது.

ரெஜினா பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். “மத்த சக்கரத்துக்கெல்லாம் பின்னாடி ரொம்ப மெதுவாச் சுத்துற சக்கரம் ஒண்ண அதாவே சேத்திருக்குதுண்ணா. அக்கா நடையில ஏதோ ஒரு சாய்வு இருந்திருக்குது. படம் முடிஞ்சப்புறம் அந்தக் கால் எங்க போயிருக்குமோ, அங்க போவுது.”

“அதக் கழட்டி வீசு.”

“கழட்டுனா ஒரு அடி வெக்க மாட்டேங்குது.”

“அப்ப எங்கதான் போவுது?”

“படம் எடுத்த எடத்துலயே விட்டாத் தெரிஞ்சுரும்.”

“வேண்டாமுங்க,” என்றாள் துளசிமணி.

ஆறுச்சாமி கேட்கவில்லை. அந்த மண்டபம் இப்போது உர மூட்டைக் கிடங்கு. வாசலில் அவளை உட்கார வைத்துச் சாவி கொடுத்து விட்டார்கள். இரும்புக் கால்கள் மேடையை நோக்கி அடக்கமாகப் போயின. மேடை நெருங்கும்போது இடப்பக்கம் திரும்பின. பழைய சமையல்கட்டைக் கடந்து, பின்வாசல் வழியாக வெளியேறி, ரோட்டோரத்தில் போய் நின்றன. நின்ற நிலையில் ஒரு கால் மட்டும் பொறுமையில்லாமல் தரையைத் தேய்த்தது.

“இங்க என்ன புள்ள இருக்குது?”

“அன்னைக்கு பஸ் நின்னுச்சுங்க.”

“எந்த ஊரு பஸ்ஸு?”

“எதா இருந்தா என்ன? நான் ஏறலையே. விடிஞ்சதும் உங்க பக்கத்துலதான வந்து உக்காந்தேன்.”

ஆறுச்சாமி ஒரு வாரம் நடைவிக்குச் சாவி கொடுக்கவில்லை. பிறகு நேராகப் பட்டறைக்குப் போனார். “அதே படத்துல அவ பக்கத்துல நானும் வர்றனல்ல? என்னோட நடையையும் எடுத்து ஒண்ணு போடு. அவ எங்க வேணா போவட்டும். நானும் கூடவே போறேன்.”

ரெஜினா அன்றைக்கே வேலையை ஆரம்பித்தாள். கூலி வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

கிடங்கு வாசலில் இரண்டு நாற்காலிகளுக்கும் சாவி கொடுத்தாள். மங்கலான வெளிச்சத்தில், மூட்டைகளுக்கு நடுவே, புருஷனும் பெண்டாட்டியும் தோளோடு தோள் போனார்கள். ஆறுச்சாமி கை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். துளசிமணிகூடச் சிரித்தாள்.

அவளுடைய நடைவி திரும்புவதற்கு முன்பே அவருடையது திரும்பியது. பிடித்த கை விட்டுப்போனது. அவள் கால்களைவிட வேகமாக அது சமையல்கட்டைத் தாண்டியது. பின்வாசலை அடைந்ததும் சட்டென்று உள்பக்கமாகத் திரும்பி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

துளசிமணியின் நடைவி வந்து அதன்மேல் முட்டியது. முட்டியும் நிற்கவில்லை. அதற்குப் பொழுது சாயும்வரை சாவி இருந்தது. இரும்பு முழங்கால்கள் இரண்டு ஜோடி, ஒன்றையொன்று டக்கு டக்கென்று இடித்துக்கொண்டிருந்தன.

அவள் அந்தக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கென்ன புள்ள தெரியும்? சத்தியமாத் தெரியாது,” என்றார் ஆறுச்சாமி.

அவருக்குக் கீழே இரும்புக் கால்கள் இன்னும் கொஞ்சம் அகன்று, நிலைப்படியில் அழுந்த ஊன்றிக்கொண்டன.