டைப் செய்துகொண்டிருக்கிறார்

அழைப்பு மணியை அழுத்தியதும் உள்ளே காலடிச் சத்தம் கேட்கவில்லை. தங்கையின் கைப்பைக்குள் செல்போன்தான் சிணுங்கியது.

‘திறந்துதான் இருக்கு. வா.’

அனுப்பியவன் அண்ணன். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு!

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். ‘பிரேக்... பிரேக்!’ என்று நாள் முழுக்கக் கத்தித்தான் பிழைப்பு. வீட்டுக்குள்ளேயே செய்தி அனுப்புகிற ஜாதியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

நான்கு மணிக்கு அப்பாவுக்கு இதய ஆபரேஷன். இப்போதே மூன்றரை. காலையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்கண்ணன் குரலை ஒரு தடவை கேட்டுட்டு உள்ள போறேம்மா. தினமும் பூங்கொத்துப் படமா அனுப்பறான். அதை வச்சுக்கிட்டு நான் என்ன, காதா குடையறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை.

பதினேழு முறை அழைத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ‘பிஸி. டைப் பண்ணு’ என்றே பதில். அம்மா போன அன்றைக்கும் இதே கதைதான். அழுகிற முகம் ஒன்றை அனுப்பிவிட்டு, அவன் பாட்டுக்கு இருந்துவிட்டான்.

கதவைத் தள்ளினாள். பிரிக்கப்படாத பார்சல் பெட்டிகள் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்க, காயாத துண்டின் வாடையும் சூடேறிய சார்ஜரின் வாடையும் கலந்து மூக்கில் அடிக்க, எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, கண்ணாடியை நகத்தால் தட்டுவதுபோல் டிக் டிக்கென்று ஏதோ ஓயாமல் கேட்டது.

"டேய் அண்ணா! வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும் உனக்கு?"

டிக் டிக். அவள் போன் அதிர்ந்தது.

‘கத்தாதே. தலை வலிக்குது.’

"வலிக்கட்டும்டா! அங்க அப்பா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு!"

உள் அறை. திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான் அண்ணன். எதிர்ச் சுவரில் அவனுடைய இரண்டு கட்டைவிரல்களின் நிழல், ஆள் உயரத்துக்கு, துள்ளிக்கொண்டே இருந்தது.

நாற்காலியை வெடுக்கென்று திருப்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூஞ்சியைக் காட்டு. ஒரு வார்த்தை. ‘அப்பா’ன்னு ஒரு வார்த்தை போதும். பேசு!"

தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

விரல்களுக்கு உதடு தட்டுப்படவில்லை.

தடவினாள். மேலே. கீழே. மறுபடியும்.

இல்லை.

பாய்ந்துபோய்த் திரைச்சீலையை இழுத்தாள். பட்டப்பகல் வெயில் அவன் முகத்தில் விழுந்தது. மூக்குக்குக் கீழே வெறும் தோல். ஆறிய தீக்காயம்போல் வழவழப்பாக, முகவாய்வரை ஒரே தோல். அதன்மேல் இடைவெளியே இல்லாமல் மூன்று நாள் தாடி.

அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. கட்டைவிரல்கள் ஓடின.

‘முதல்ல பயமா இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு.’

எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

அவள் கையை ஓங்கினாள். அடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. அப்பா.

"ஏம்மா, ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு. அவன் இருக்கானா? குடு, குடு."

ஸ்பீக்கரைப் போட்டு, அந்த வழவழப்புக்கு எதிரே போனை நீட்டினாள்.

"டேய் கண்ணா... அப்பாடா."

கட்டைவிரல்கள் நின்றன.

"ஒரு வார்த்தை சொல்லுடா. கேட்டுட்டுப் போயிடறேன்."

தோல் அசைந்தது.

உள்ளேயிருந்து. நாக்கின் நுனி. வலப்பக்கம் முட்டியது. இடப்பக்கம் முட்டியது. வழி தேடியது. நடுவில் வந்து உந்தியது. தோல் புடைத்தது. வெளுத்தது. கிழியவில்லை.

"சொல்லுப்பா... லைன்லதான் இருக்கேன்."

மறுபடி உந்தியது. மறுபடி.