தலை கொடாத வேளைக்காரன்

மேற்கு வானம் சிவந்து, கழிமுகத்து நீரெல்லாம் உருக்கிய பொன்னாய்த் தகதகத்த அந்த அந்திப் பொழுதின் பேரெழில், துறைமுகப் படியில் நின்றிருந்த கூத்தன் மழவரையனுக்கு வேம்பாய்க் கசந்தது என்றால், அன்பான வாசகர்களே, அதற்குக் காரணம் இருந்தது. கடாரம் செல்லும் மரக்கலம் பாய் விரிக்கக் காத்திருந்தது. அவனோ கடல் கடக்க வேண்டியவனல்லன், செத்திருக்க வேண்டியவன்!

ஆம், அவன் வேளைக்காரன். தலைவன் மாண்டால் தன் தலையைத் தானே அரிந்து வைப்பதாகக் காளியின் முன் வாள் தொட்டுச் சபதம் செய்தவன். சிற்றப்பனின் கொடுங்கோலை எதிர்த்துக் கொடி உயர்த்திய இளவரசர் ஆதவசேந்தர், நான்கு நாட்களுக்கு முன் அவன் மடியில்தான் உயிர் நீத்தார்.

"மழவரையா, நீ சாகாதே! நீ உயிரோடிருந்தால் நானும் இருப்பதாகச் சிற்றப்பா நம்புவார். அவர் படையை உன் பின்னால் கடலுக்கு இழுத்துப் போ. தேவி கணவாயைக் கடக்கட்டும்!"

அதுவே கடைசிக் கட்டளை. இளவரசரின் மனைவி, கருவுற்றிருந்த உற்பலாதேவி, உப்பு வணிகரின் வண்டியில் ஒளிந்திருந்தாள். கணவாயையோ அரசரான அந்தச் சிற்றப்பனின் படை அடைத்து நின்றது. இளவரசரை ஆற்று மணலில் தன் கைகளாலேயே புதைத்தான் மழவரையன். ஒரு பிடி வாய்க்கரிசிக்குக்கூட வழியில்லை. பாழும் கட்டளை! செத்துப்போவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

படகோட்டி மாசாத்தன் அவனை அடையாளம் கண்டுகொண்டான்.

"அட, நீங்களா! எங்க இளவரசர் போயிட்டாருன்னு ஊரே அழுவுது. நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றவன், அவன் முகத்திலேயே காறி உமிழ்ந்தான்.

மழவரையனின் கை வாளுக்குப் போய்த் திரும்பியது. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கூச்சல் கேட்டு வந்தான் துறைக்காவலன் வயிரமேகன், அரசரின் வலக்கை.

"மழவரையரே! உம்முடைய தலை இன்னும் கழுத்தின்மேல் இருக்கிறதே?"

"அதைக் கொடுக்க அவசியம் நேரவில்லையே, ஐயா!"

வயிரமேகனின் கண்கள் சுருங்கின. வேளைக்காரன் சபதம் தவறமாட்டான் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் இளவரசர்...? மழவரையன் மரக்கலத்தின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். இங்கேயே பிடிபட்டால் எல்லாம் பாழ்.

"நல்லது. பயணம் இனிதாகட்டும்," என்று வழிவிட்டான் வயிரமேகன். இவன் பின்னாலேயே போனால் இளவரசரைப் பிடித்துவிடலாம் என்பது அவன் எண்ணம்.

கலம் நகர்ந்தது. கரையில் முரசு அதிர்ந்தது. சற்றைக்கெல்லாம் கணவாய்க் குன்றின் மேலிருந்த படையின் தீவட்டிகள் ஒவ்வொன்றாய்த் துறைமுகத்தை நோக்கி இறங்கத் தொடங்கின. கணவாய் இருண்டது.

நான்கு நாளாய் அடக்கிய அழுகை மழவரையனுக்கு அப்போதுதான் பீறிட்டது. வாளை உருவிக் கழுத்தில் வைத்துக்கொண்டான்.

"ஐயனே, இது ஆணை! உம் பிள்ளை அரியணை ஏறும் நாளில் இந்தத் தலை உமக்கு. அதுவரை கோழை என்ற பெயரோடு கிடக்கிறேன்."

கரையில் மாசாத்தன் மண்ணை வாரித் தூற்றுவது மங்கலாகத் தெரிந்தது.

"தூற்றப்பா, நன்றாகத் தூற்று," என்று முணுமுணுத்தான் மழவரையன். "நான் அங்கே நின்றிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்."