கதவடிக் கதிரை

கையை எடுத்த பிறகும் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

முதலில் நிஸ்றா அதைத் தன் களைப்பென்றே நினைத்தாள். அஸ்கர் பிறந்த ஐந்து மாதமாக ஓர் இரவுகூட முழுசாகக் கண்மூடாதவள். பிள்ளையின் நெஞ்சில் தட்டித் தட்டிப் பழகிய உள்ளங்கைக்குள் அந்தச் சத்தம் ஒட்டிக்கிடக்கும்தானே. காத்தான்குடி ஆற்றங்கரையில் அவர்களுடைய வீடு. பொழுது சாயும்போது யன்னலால் சேறும் அழுகிய இலையும் ஊறிய மணம் வந்து, தொட்டிலை மூடிய நுளம்பு வலையில் தங்கி, பிள்ளையின் பால் மணத்தோடு கலந்து, அறையைவிட்டுப் போகாமல் நிற்கும். வலைக்குள் அஸ்கர் அரைக்கண்ணால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவளையல்ல.

எல்லாம் கிளினிக் தாதி மிஸ் சொன்னபடிதான். உறக்கம் வரும்போதே தொட்டிலில் கிடத்து. அழுதால் தூக்காமல் தட்டிக்கொடு. நாளுக்கு நாள் நீ உட்காரும் கதிரையைக் கதவுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. பிள்ளை தானாக உறங்கப் பழகும். இருட்டமுன்னமே படுக்கப் போடு.

அந்த நேரந்தான் அவளுக்கு மூத்தவள், ராத்தா ரிப்காவுக்குப் பிடிக்கவில்லை.

"பொழுதுபடுற மஃரிபு நேரத்தில புள்ளைய உறங்கப் போடுவாங்களா?" என்றாள் போனில். "மடியில வெச்சிரு புள்ள."

"வெச்சு வெச்சு என்ட முதுகு ஒடஞ்சிட்டு ராத்தா. நீங்க வந்து வெச்சிருங்க."

ராத்தா சிரித்தாள். "அப்ப ஆத்துப்பக்க யன்னலயாவது சாத்து. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அந்த நேரந்தான் வெளிய எறங்கும்," என்றாள் பிறகு.

கதிரை கதவடிக்கு வந்த அன்று அஸ்கர் அழவேயில்லை. கடையிலிருந்து கணவன் றுமைஸ் போன் எடுத்தான்.

"மகன் ஒறங்கிட்டானா?"

"சத்தமே இல்ல."

"பாத்தியா. நானும் ஒழுங்கா ஒறங்குறல்ல. என்னையும் ஒருக்கா அந்த மிஸ்ஸுக்கிட்டக் காட்டு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு அந்தத் தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. தொட்டில் பக்கமிருந்து, மெதுவாக, அவள் தட்டுகிற அதே கதியில்: இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு. பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு தொடங்கியது. முடிந்தது. அது நிற்கவில்லை.

கதிரையை நகர்த்திய ஒவ்வொரு நாளும் தொட்டிலடியில் ஓர் இடத்தை அவள் காலி செய்துகொண்டு வந்திருக்கிறாள். இப்போதுதான் உறைத்தது.

நுளம்பு வலையின் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. யாரோ சாய்ந்திருப்பதுபோல.

போனைக் கதிரையில் போட்டுவிட்டு ஓடினாள். வலையைப் பிய்த்தாள். பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தாள். சூடு இருந்தது. மூச்சு இருந்தது. அவனுடைய கைகள் அவள் சட்டைக் கழுத்தை இறுகப் பற்றியிருந்தன. இரண்டு கைகளும்.

அவள் முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

மெதுவாக. இன்னொன்று. இடைவெளி. ஈரமான கை. சேற்று மணம்.

திரும்ப வேண்டும். கழுத்து அசையவில்லை. ஓத வேண்டும். நாக்கு புரளவில்லை. ஐந்து மாத உறக்கமும் ஒன்றாகக் கண்ணிமையில் இறங்கியது. கதவடிக் கதிரையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

உறங்கக் கூடாது.

இரண்டு தட்டு.

பிள்ளையை விடக் கூடாது.

இரண்டு தட்டு.

கன்னம் அஸ்கரின் தலையில் சாய்ந்தது. மூடப்போகும் கண்ணுக்கு அவனுடைய விரல்கள் தெரிந்தன. அவளை எழுப்பிவிடாதபடி, ஒவ்வொன்றாக, மிகப் பக்குவமாக, யாரோ அவற்றை அவள் சட்டையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள்.