இரவல் கார்டில் ஒரு மரணம்!

போன் அலறியது.

காலை ஏழு ஐம்பது. தையல்காரி மெஷினை நிறுத்தினாள். பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஹலோ?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம்மா. கம்பெனி ஸ்டோர்கீப்பர் வீடுதானே? அவரோட மனைவியா பேசறது?"

"ஆமா..."

"மனசைத் திடப்படுத்திக்கோங்க. உங்க கணவர் ஏழு நாற்பதுக்கு இறந்துட்டார்!"

தையல்காரி திரும்பிப் பார்த்தாள்.

கணவர் கண்ணாடி முன்னால் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. பாதி முகம் பளபள. பிணத்துக்கு உண்டான லட்சணம் ஒன்றுகூட இல்லை!

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன் கையிலிருந்து நழுவித் துணிக் குவியலில் விழுந்தது.

காரணம்... அந்தக் கார்டு!

ஸ்டோர்கீப்பருக்குக் கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு அது. பெயரும் நம்பரும் மட்டும்தான், போட்டோ கிடையாது. நேற்று சாயங்காலம் அந்தக் கார்டோடு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவன் ஸ்டோர்கீப்பர் இல்லை. அவளுடைய தம்பி! பைக் மெக்கானிக். சொந்தமாக ஒரு ஸ்பானர் பெட்டி உண்டு. இன்ஷூரன்ஸ் கிடையாது.

தொண்டையில் சீழ். ஐந்து நாளாகக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஒரு ராத்திரி படுக்கை, நாலு ஊசி... இவ்வளவுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த தொகை முப்பத்தெட்டாயிரம்! மெக்கானிக் அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, உப்பு வெந்நீரில் வாய் கொப்பளிக்க அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான்.

அப்போதுதான் ஸ்டோர்கீப்பர் கார்டை நீட்டினார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர்!

"நம்ம வீட்டுப் பையன்தானே... என் பேர்ல படுத்துட்டு வரட்டும். நானே கூடப் போய்ச் சேர்த்துட்டு வர்றேன்."

தையல்காரி உருகிப்போனாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனை நினைத்துப் பெருமைப்பட்டாள்.

இப்போது அந்தப் புருஷன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"யாரு போன்ல?"

"ஆஸ்பத்திரி... தம்பி... தம்பி போயிட்டானாம்ங்க!"

ரேஸர் நின்றது. ஒரே ஒரு விநாடி! பிறகு பொறுமையாகக் கன்னத்தில் இறங்கியது.

"தம்பின்னா சொன்னாங்க?"

"இல்ல... நீங்க செத்துட்டதா..."

"அப்ப செத்தது நான்தான்."

"என்னங்க பேசறீங்க!"

ஸ்டோர்கீப்பர் முகத்தைத் துடைத்தார். ஜன்னலைச் சாத்தினார்.

"கத்தாதே! இரவல் கார்டு விஷயம் வெளிய தெரிஞ்சா என் வேலை காலி. ரெண்டு பேரும் உள்ள போவோம். போனவன் திரும்பி வரப் போறதில்ல. கொஞ்சம் யோசி... வேலையில இருக்கறவன் செத்தா கம்பெனி பாலிசியில ஐம்பது லட்சம்! வாரிசு நீதான். போய் அழு. கையெழுத்துப் போடு. தொத்து வியாதின்னு சொல்லிப் பெட்டியை மூடியே வாங்கி நேரா எரிச்சுடு. நான் பஸ் ஏறிடறேன். ரெண்டே மாசம்... வேற ஊரு, வேற பேரு!"

"அவன் என் கூடப்பொறந்தவங்க! அவனுக்குன்னு அழக்கூட விட மாட்டீங்களா?"

"தாராளமா அழேன்! யார் வேணாம்னா? என் பேரைச் சொல்லி அழு!"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார். ஜிப்பைத் திறந்து சவரப் பெட்டியை உள்ளே போட்டார்.

தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பையில் ஏற்கெனவே நாலு சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன!

*

டாக்ஸி சிக்னலில் நின்றது. அவளால் உட்கார முடியவில்லை. கதவுப் பிடியைப் பிடித்தாள்... விட்டாள்... மறுபடி பிடித்தாள்.

"அக்கா, நடு ரோட்டுல கதவைத் திறந்துடாதீங்க!" என்றார் டிரைவர்.

"சீக்கிரம் போங்கண்ணே!"

நாலு சட்டைகள். போன் வருவதற்கு முன்பே மடித்த சட்டைகள். அப்படியென்றால்... போன் வரும் என்று அவருக்குத் தெரியும்!

எப்படித் தெரியும்?

பென்சிலின்!

தம்பிக்கு ஆறு வயதில் ஒரு தடவை போட்டார்கள். முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரிய பாடு. இந்த ஜென்மத்தில் இவனுக்குப் பென்சிலின் கூடாது என்று டாக்டர் அடித்துச் சொன்னார். நேற்றுகூடப் புருஷனிடம் வாசல் வரை ஓடிப்போய் ஞாபகப்படுத்தினாள்.

"மறக்காம சொல்லிடுங்க!"

"நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டுவிட்டார்!

*

பில்லிங் கவுண்டரில் கேஷியர் பெண் ஒரு கன்னத்தைக் கையால் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் சீருடையில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை.

"சின்ன வயசுச் சாவுங்கறதால வந்தேன். வெறும் சம்பிரதாயம்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "கையெழுத்துப் போட்டுட்டுப் பாடியை வாங்கிக்கோங்கம்மா."

கேஷியர் இரண்டு தாள்களை நகர்த்தினாள்.

"இது பாடிக்கு. இது பில்லு. மொத்தம் ஒன்பதாயிரம். கார்டு இருக்கறதால உங்க பங்கு தொள்ளாயிரம்தான், மீதியை இன்ஷூரன்ஸ் கட்டிடும்."

தையல்காரி பில்லையே வெறித்தாள்.

"ஒன்பதாயிரமா? கார்டு இல்லாம கேட்டப்ப முப்பத்தெட்டுன்னு எழுதிக் கொடுத்தீங்களே?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரின் புருவம் மெல்ல உயர்ந்தது.

கேஷியர் கவனித்ததாகத் தெரியவில்லை. "அது போர்டு விலைக்கா, கார்டு இல்லாதவங்களுக்கு."

"அதே ஊசிதானே? அதே படுக்கைதானே?"

"அதேதான். ஆனா இன்ஷூரன்ஸ்காரங்க வருஷத்துக்கு இருபதாயிரம் பேரை அனுப்பறாங்க. எதிர்ல உக்காந்து பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு இறக்கிடுவாங்க. குறைப்பாங்கன்னு தெரிஞ்சே நாங்க விலையை நாலு மடங்கு ஏத்தி வெப்போம். பில் கட்டாம ஓடறவங்க நஷ்டத்தையும் அதுலயே சேர்ப்போம். தனியா வர்றவர் தலையில அது அப்படியே இறங்கும்."

"அவரும் பேரம் பேசலாமே?"

"பேசலாம்னே பாதிப் பேருக்குத் தெரியாதுக்கா! தெரிஞ்சாலும் நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல்ல எவன் பேசுவான்? என்னையே பாருங்க. எட்டு வருஷமா இதே சீட்டு. கான்ட்ராக்ட்டு, கார்டு கிடையாது. பல் வலிக்குக் கிராம்பைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கேன்!"

ஒன்பதாயிரம். முப்பத்தெட்டாயிரம். இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் விழுந்துதான் அவள் தம்பி செத்திருக்கிறான். தையல்காரி பில்லைத் தள்ளிவிட்டாள்.

"பேனாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாங்கினாள். தாளில் இறந்தவர் பெயர் என்ற இடத்தில் புருஷனின் பெயர். உறவு என்ற இடத்தில் மனைவி. கீழே ஒரு சின்னக் கோடு.

போட்டால் ஐம்பது லட்சம். போடாவிட்டால் ஜெயில்.

போட்டால்... தம்பி சாகவே இல்லை! அவனைத் தேடி வருகிறவர்களிடம் எங்கோ ஓடிப்போய்விட்டான் என்று ஆயுசு முழுக்கப் பொய் சொல்ல வேண்டும்.

பேனா கோட்டைத் தொட்டது. முதல் எழுத்தின் பாதி வளைந்தது. அங்கேயே நின்றது.

"மாட்டேன்!"

"என்னம்மா?"

"செத்தது என் புருஷன் இல்ல மேடம்! என் தம்பி!"

"அவசரப்படாதீங்க. அப்படிச் சொன்னா கார்டு மோசடி கேஸ் உங்க மேலயும் பாயும்."

"பாயட்டும்! என் தம்பி அவன் பேர்லயே எரியட்டும்! அவனுக்குப் பென்சிலின் ஆகாது. அது தெரிஞ்சே என் புருஷன் அவனைப் படுக்க வெச்சிருக்கார்! கொன்னுட்டார் மேடம்... சட்டையைக்கூட முன்னாடியே மடிச்சுப் பையில வெச்சுட்டார்!"

தாளைக் கிழித்தாள். நாலாக... எட்டாக...

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடா! காலையிலேர்ந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கேன். யோவ் மெக்கானிக்! வெளிய வாய்யா!"

பச்சைத் திரை விலகியது.

சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, கண்கள் கலங்கி, வீங்கிய தொண்டையோடு... தம்பி!

"அக்கா..."

தையல்காரி பாய்ந்து கட்டிக்கொண்டாள். அடுத்த விநாடி பளாரென்று ஒன்று வைத்தாள்.

"பாவி! உயிரோட இருந்துக்கிட்டா திரைக்குப் பின்னாடி நின்ன?"

"அவங்கதான்கா வாயைத் திறக்காதேன்னாங்க!"

"நான்தான் சொன்னேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "பென்சிலின் போடறதுக்கு முன்னாடி கையில ஒரு சொட்டு டெஸ்ட் டோஸ் போடுவாங்க. நேத்து அதைப் போட்டதுமே தடிச்சு, மூச்சு இழுத்துருக்கு. நர்ஸ் உடனே நிறுத்திட்டாங்க. அப்புறம்தான் இவர் எல்லாத்தையும் கக்கினார்."

"மாமா சொன்னார்க்கா... 'எந்த மருந்தும் ஆகாதுன்னு சொல்லிடாதே. என் ரெக்கார்டுல அப்படி எதுவும் கிடையாது. சொன்னா மாட்டிப்போம்'னு. டாக்டர்கிட்ட, 'போன தடவை இவருக்குப் பென்சிலின்தான் கேட்டுச்சு, அதையே போடுங்க'ன்னு சொன்னதும் அவர்தானாம், அப்புறம் டாக்டரே சொன்னார்!"

"ராத்திரியே கம்பெனி மேனேஜரை எழுப்பி விசாரிச்சேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "போன வாரம்தான், 'நான் செத்தா எவ்வளவு வரும்'னு கேட்டுட்டுப் போயிருக்கார். ஆனா சாட்சி? அலர்ஜியைச் சொல்ல மறந்துட்டேன்னு ஒரே வார்த்தையில நழுவிடுவார். அதான் போன் போடச் சொன்னேன். தான் செத்துட்டதா சேதி வந்தா, நல்லவன் அடுத்த நிமிஷமே, 'ஐயோ, நான் இங்க இருக்கேன், அது என் மச்சான்'னு அலறியிருப்பான். இந்த மனுஷன் சத்தமே காட்டாம செத்தே இருந்தார்! நீங்களும் கூட்டான்னு தெரியல. அதுக்குத்தான் அந்தக் கையெழுத்து. அழ வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா."

இன்ஸ்பெக்டரின் போன் துடித்தது.

"மேடம்! வீட்டிலேர்ந்து பின்னாடியே போய் ஆளை பஸ் ஸ்டாண்டுல மடக்கிட்டோம். பையோட! பேர் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார்!"

"செத்தவர் எப்படிய்யா பேசுவார்? பத்திரமா தூக்கிட்டு வா!"

தையல்காரி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து வருஷப் புருஷன் ஒரு காலையில் காணாமல் போய்விட்டார். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. தம்பியின் கை சூடாக இருந்தது. அது போதுமாக இருந்தது.

"கார்டு விஷயம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீங்களா முன்வந்து சொல்லிட்டீங்க. அரசாங்க சாட்சியா வாங்க, உங்க ரெண்டு பேரையும் எச்சரிச்சு விட்டுடச் சொல்லி எழுதறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

கேஷியர் தொண்டையைக் கனைத்தாள். பிரிண்டரிலிருந்து சுடச்சுட ஒரு தாளை உருவி மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

"சார்... கார்டு உங்களது இல்லன்னு ஆயிடுச்சு. இனிமே போர்டு விலைதான். முப்பத்தெட்டாயிரம். டெஸ்ட் டோஸுக்குத் தனியா ரெண்டாயிரத்து இருநூறு."

மெக்கானிக் பார்த்தான். மேலிருந்து கீழாக ஒரு தடவை. கீழிருந்து மேலாக ஒரு தடவை. மார்பைப் பிடித்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் சரிந்தான்.

"அக்கா... பேசாம அந்த முழு ஊசியையே போட்டுக்கிட்டுப் போயிருக்கலாம்!"

"ஐயையோ, வேணாம் சார்!" என்றாள் கேஷியர், கன்னத்தைப் பிடித்தபடி. "முழு ஊசின்னா ரேட்டு இன்னும் ஜாஸ்தி!"